விண்வெளியில் எது இரவு?

2025 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா, அங்கிருந்து பிரதமருடன் பேசும்போது ஒரு நாளில் 16 முறை சூரியன் உதிப்பதையும் 16 முறை மறைவதையும் பார்ப்பதாகச் சொன்னார். அதைக் கேட்டவர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி: அப்படியானால் அங்கே எது இரவு, எப்போது தூங்குவது? பரவலாகச் சொல்லப்படும் பதில், 16 விடியல்கள் உடலின் கடிகாரத்தைக் குழப்பிவிடுகின்றன, அதனால்தான் விண்வெளி வீரர்களுக்குத் தூக்கம் கெடுகிறது என்பது. கேட்கக் கவர்ச்சியான விளக்கம்தான். ஆனால் பெரும்பகுதி தவறு.

தூக்கம் கெடுவது உண்மை. விண்வெளி ஓடங்களில் பறந்த 64 பேரையும் நிலையத்தில் தங்கிய 21 பேரையும் கண்காணித்த ஆய்வு 2014-ல் லான்செட் நியூராலஜி இதழில் வந்தது. தூக்கத்துக்கென்று அட்டவணையில் எட்டரை மணி நேரம் ஒதுக்கியிருந்தும், அவர்கள் சராசரியாகத் தூங்கியது சுமார் 6 மணி நேரம். நான்கில் மூன்று பேர் பயணத்தில் தூக்க மாத்திரை எடுத்திருக்கிறார்கள். விபத்துக்கு இடம் தராத வேலையில் இருப்பவர்கள் பற்றிய கணக்கு இது; கவலைப்பட வேண்டிய கணக்கு. அதற்கான பழியை விடியல்கள் மேல் போடலாமா என்பதைச் சொல்ல, அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். மூலக்கூறு உயிரியலில் இதைவிட அழகான பொறி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகள் பெரும்பாலும் நொடிக்குள் முடிந்துவிடுபவை. அவற்றை வைத்துக்கொண்டு 24 மணி நேரத்தை அளப்பது எப்படி?

மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்த ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் மோட்டார்தான் ‘பெர்’ என்ற மரபணு. அதை முடுக்குபவை க்ளாக், பிமால்1 என்ற இரண்டு புரதங்கள். மோட்டார் ஏற்றும் தண்ணீர் பெர் புரதம். தொட்டியின் அடியில் ஓர் ஓட்டை இருக்கிறது. சிகே1 என்ற நொதி, பெர் புரதத்தின் மேல் பாஸ்பேட் முத்திரைகளைக் குத்திக்கொண்டே இருக்கும். உரிய இடத்தில் முத்திரை விழுந்த புரதம் சிதைவுக்குப் போய்விடும். இப்படி ஒழுகிக்கொண்டே இருப்பதால் தொட்டி விறுவிறுவென்று நிறைவதில்லை. மணிக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறுகிறது. நிறைந்து வழியும் தண்ணீர், கிரை என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து கீழே இறங்கி, செல்லின் உட்கருவுக்குள் போய், நேராக மோட்டாரின் சுவிட்சை அணைக்கிறது. தன்னை மேலே ஏற்றிய மோட்டாரைத் தண்ணீரே நிறுத்துகிறது! அதன்பிறகு ஓட்டைக்கு மட்டும்தான் வேலை. தொட்டி வற்றியதும் சுவிட்ச் விடுபடும், மோட்டார் மறுபடி ஓடும். இந்த ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கிறது. மூளையின் அடியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, இப்படி சுமார் 20,000 வீடுகள் ஒரே தெருவாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் மோட்டாரும் கொஞ்சம் முன்னே பின்னே ஓடக்கூடியது. ஆனால் வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு இருப்பதால் தெரு முழுவதும் ஒரே நேரத்தைக் காட்டுகிறது.

ஓட்டை பெரிதானால் என்ன ஆகும்? 1988-ல் ஒரு ஹாம்ஸ்டர் எலி வகை கண்டறியப்பட்டது. அதன் நாள் 20 மணி நேரம். பிற்பாடு பார்த்தால் கோளாறு சிகே1 நொதியில் இருந்தது. மனிதரிலும் உண்டு. இரவு ஏழரைக்கே கண் சொக்கி, விடியுமுன் நாலரைக்கு விழித்துக்கொள்ளும் ஒரு குடும்பத்தில், பெர் புரத வகைகளில் ஒன்றான பெர்2-ல் முத்திரை விழும் இடம் ஒன்று மாறிப்போயிருந்ததை 2001-ல் கண்டார்கள்.

இதைவிட வியப்பானது வெப்பத்தின் கதை. சூடு ஏறினால் வேதிவினைகள் வேகமெடுக்கும். ஓட்டையும் வேகமாக ஒழுக வேண்டும், காய்ச்சலில் கிடப்பவரின் நாள் சுருங்க வேண்டும். சுருங்குவதில்லை. சிங்கப்பூரில் டியூக்-என்யூஎஸ் மருத்துவக் கல்லூரியின் டேவிட் விர்ஷப் குழுவும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஃபோர்ஜரும் 2015-ல் இதற்கு விடை சொன்னார்கள். சிகே1 முத்திரை குத்தக்கூடிய இடங்கள் இரண்டு: ஓரிடத்தில் குத்தினால் புரதம் சிதையும், மற்றதில் குத்தினால் காப்பாற்றப்படும். சூடு ஏறும்போது காப்பாற்றும் முத்திரைக்குக் கை ஓங்குகிறது. வெயில் கூடக் கூட ஓட்டையைத் தானே சுருக்கிக்கொள்ளும் தொட்டி!

வரலாறு சுருக்கமாக: தொட்டாற்சுருங்கி இருட்டிலும் நேரம் தவறாமல் இலை விரிப்பதை 1729-லேயே பிரான்சில் தே மெரான் பதிவு செய்தார். 1971-ல் கொனாப்காவும் பென்சரும் பழ ஈயில் பெர் மரபணுவைக் கண்டறிந்தார்கள். அது இயங்கும் விதத்தை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவரும் 2017-ல் நோபல் பெற்றார்கள். இடையில், கடிகாரம் உள்ளே இல்லை, பூமியின் சுழற்சியிலிருந்து வரும் ஏதோ நுண்ணிய சைகைதான் உயிர்களை இயக்குகிறது என்று ஃபிராங்க் பிரவுன் என்ற ஆய்வாளர் வாதாடிக்கொண்டிருந்தார். அதைச் சோதிக்கப் பூமியை விட்டே போக வேண்டியிருந்தது. 1983 நவம்பரில் கொலம்பியா ஓடத்தில், கண்ணாடிக் குழாய்களில் வளரும் நியூரோஸ்போரா என்ற பூஞ்சையை ஃபிராங்க் சுல்ஸ்மன் குழுவினர் அனுப்பினார்கள். இந்தப் பூஞ்சை சுமார் 22 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பட்டை போட்டபடி வளரும். மேலேயும் போட்டது. பட்டைகள் சில குழாய்களில் மங்கின, ஆனால் தாளம் நிற்கவில்லை. கடிகாரம் உள்ளேதான் இருக்கிறது.

இப்போது அந்த 16 விடியல்களுக்கு வரலாம். விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்கள், முக்கியமாக நீல ஒளியை உணர்ந்து, கடிகாரத்தை முன்னே பின்னே நகர்த்துகின்றன. நகர்த்தலுக்கு எல்லை உண்டு. நிறைவதற்கு மணிக்கணக்கில் பிடிக்கும் தொட்டியை 90 நிமிடத்துக்கு ஒருமுறை நிறைத்துக் காலி செய்ய முடியாது. ஆகவே 90 நிமிட வெளிச்ச-இருட்டைக் கடிகாரம் பின்தொடர்வதே இல்லை. போதாததற்கு, வீரர்கள் பெரும்பாலான நேரம் சன்னல் அருகே இருப்பதில்லை. அவர்கள் வாழ்வது விளக்கு வெளிச்சத்தில். அது பூமியின் பகலோடு ஒப்பிட்டால் மிக மங்கல்.

மெய்யான குற்றவாளிகளில் ஒன்று பணி அட்டவணை. நிலையத்தில் கிரீன்விச் நேரம்தான் நேரம். சரக்குக் கலமோ புதிய குழுவோ வந்து சேரும் நேரத்தைச் சுற்றுப்பாதைதான் தீர்மானிக்கும். அதற்காகத் தூக்க நேரத்தை ஒரேயடியாகப் பல மணி நேரம் தள்ளிவைப்பார்கள். 2016-ல் வெளியான நாசா ஆய்வில், நிலையத்தில் தூங்கிய தடவைகளில் 19 சதவீதம் உடலின் இரவுக்கு வெளியே விழுந்திருந்தன. அப்போது தூக்கம் சுமார் ஒரு மணி நேரம் குறைந்தது. இதே கணக்கின் மறுபாதியையும் படிக்க வேண்டும். கடிகாரத்தோடு பொருந்திய இரவுகளில்கூட அவர்கள் எட்டரை மணி நேரம் தூங்கவில்லை. இரைச்சல், வேலைச்சுமை, எடையின்றி மிதக்கும் உடல் என்று வேறு காரணங்களும் வரிசையில் நிற்கின்றன. எல்லாவற்றையும் கடிகாரத்தில் கட்டிவிடுவது இன்னொரு மிகை.

நிலையத்தின் பழைய குழல் விளக்குகளை 2016 முதல் எல்இடிக்கு மாற்றினார்கள். ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் பொதுவான வெளிச்சம் 4,500, விழிப்பூட்ட நீலம் கூடிய 6,500, தூங்குமுன் நீலம் குறைந்த 2,700. ஒளி கடிகாரத்தை நகர்த்தும் என்பது ஆய்வகத்தில் உறுதியான செய்தி. இதைக் காட்டி ‘விண்வெளித் தொழில்நுட்பம்’ என்ற பெயரில் விளக்குகளையும் கண்ணாடிகளையும் விற்பவர்களை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். காலை வெயிலில் நடப்பதற்குக் காசு வேண்டியதில்லை. அந்த வெளிச்சம் வீட்டில் எரியும் எந்த விளக்கைவிடவும் பலமானது.

செவ்வாய்க்குப் போனால் நாள் 24 மணி 39 நிமிடம். மனிதக் கடிகாரத்தின் சராசரி 24 மணி 12 நிமிடம் அளவு. தினமும் அரைமணிக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ள வேண்டும். சரியான வெளிச்சம் இருந்தால் முடியும், ஆனால் குறுகிய கடிகாரத்தோடு பிறந்தவர் தினமும் கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கும்.

இந்தியா ககன்யானுக்கும் 2035-க்குள் சொந்த விண்வெளி நிலையத்துக்கும் தயாராகிக்கொண்டிருக்கிறது. இந்தத் துறை நமக்குப் புதிதல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன், கடிகாரமும் வெயிலும் எட்டாத தனியறையில் தன்னார்வலர்களைத் தங்கவைத்து அவர்களின் தூக்கத்தையும் விழிப்பையும் அளந்தார். மதுரைப் பக்கத்துக் குகை வௌவால்கள், இருட்டுக்குள் தம் கூட்டத்தின் நடமாட்டத்தைக் கொண்டே நேரத்தைச் சரிசெய்துகொள்கின்றன என்பதை 1981-ல் அவருடைய குழு காட்டியது. அந்த மரபைக் கையில் எடுத்து, வீரர்களின் பணி அட்டவணை எழுதும் மேசையில் ஓர் உயிர்க்கடிகார ஆய்வாளருக்கும் இஸ்ரோ நாற்காலி போட வேண்டும்.