விமானச் சீட்டு: மலிவு எது, நட்டம் எது?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் போதும், லயத்துக்கு லயம் ஒரே பேச்சுத்தான். “இந்த வருஷம் ஊருக்குப் போறீங்களாமே, டிக்கெட் என்ன விலை?” பதில் சொல்பவருக்கு ஒரு விலை, பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்னொரு விலை, பட்டணத்து மச்சானுக்கு வேறொரு விலை. ஒரே நாள், ஒரே விமானம், ஒரே வரிசை நாற்காலி! ஏன் இந்த வேறுபாடு? இது புரியாமலேயே எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் கூட்டு கட்டிச் சேர்த்த பணத்தைக் கோட்டை விடுகின்றன. அன்பர்களே, இந்த வாரம் இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

நம் பெரியவர்கள் கப்பலில் போய் வந்தவர்கள். ‘ரஜூலா’ என்று சொன்னால் வயதானவர்கள் இன்றும் நிமிர்ந்து உட்காருவார்கள். அதன் பிறகு ‘எம்.வி. சிதம்பரம்’ ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அக்கப்பல் தீப்பிடித்து, உயிர்ச் சேதமும் ஏற்பட்டது. அதோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது. கப்பலில் வகுப்புக்கு ஒரு கட்டணம். யார் கேட்டாலும் அதே பதில்தான்.

விமானம் அப்படியல்ல. 2008 டிசம்பரில் ஏர் ஆசியா கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் பறக்கத் தொடங்கியது. ‘மலிவு டிக்கெட்’ என்ற பேச்சு தோட்டத்துக்குள் பரவியதும் அதன் பிறகுதான். மலிவு இருப்பது உண்மை. ஆனால் அது எல்லாருக்கும் இல்லை, எப்போதும் இல்லை.

விலை ஏன் ஏறி இறங்குகிறது?

திருச்சிக்குப் பறக்கும் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் 180 இருக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் அந்த 180 இடத்தையும் ஒரே விலைக்கு விற்பதில்லை. அவற்றைப் படிப்படியாகப் பிரிக்கிறது. முதல் படியில் கொஞ்சம் இடம், அதுதான் ஆகக் குறைந்த விலை. அது விற்றுத் தீர்ந்ததும் அடுத்த படி, கொஞ்சம் கூடிய விலை. கடைசிப் படிதான் அவசரக்காரன் கொடுக்கும் விலை. விற்பனை மந்தமாக இருந்தால் மூடிய கீழ்ப்படியை மறுபடியும் திறந்து விடுவதும் உண்டு. அதனால்தான் நேற்று ஏறிய விலை இன்று இறங்குகிறது.

தீபாவளி, பொங்கல், ஆண்டு இறுதி விடுமுறை என்றால் கீழ்ப்படி இடங்கள் சீக்கிரம் போய்விடும். வெள்ளியும் ஞாயிறும் கேட்பவர் அதிகம். செவ்வாய், புதன்கிழமைகளில் பெரும்பாலும் விலை இறங்கியிருக்கும். போக ஒரு நாள், திரும்ப ஒரு நாள் என்று மட்டும் பார்க்காமல், முன்னும் பின்னும் மூன்று நாள்களைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் இது பத்து நிமிட வேலை.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு. ஐந்து பேருக்கு ஒன்றாக விலை கேட்கிறோம். கீழ்ப்படியில் மூன்று இடம்தான் மிச்சம். பல நிறுவனங்களின் கணினி என்ன செய்கிறது தெரியுமா? ஐந்து பேரையும் சேர்த்து மேல்படிக்குத் தூக்கிப் போட்டுவிடுகிறது! ஆகவே முதலில் ஓர் ஆளுக்கு விலை பாருங்கள், பிறகு மூன்று பேருக்கு, அப்புறம் ஐந்து பேருக்கு. தலைக்கு விலை மாறினால் இரண்டு பதிவாகப் பிரித்து வாங்கலாம். ஒன்று மட்டும் கவனம்: பெரியவர் யாரும் இல்லாத பதிவில் பிள்ளைகளைப் போடக்கூடாது.

கைக்குழந்தை இருந்தால் பிறந்த தேதியையும் பாருங்கள். இரண்டு வயது நிறையாத பிள்ளை மடியில் உட்கார்ந்து போகலாம். ஊரில் இருக்கும்போது இரண்டு வயது நிறைந்துவிட்டால், திரும்பி வரும்போது அதற்குத் தனி இடம், தனிக் காசு.

காட்டும் விலையும் கட்டும் விலையும்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் விலையை நம்பி முடிவு செய்யாதீர்கள். மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்புக் கோவை என்று 2016-இல் ஒன்று வந்திருக்கிறது. வரியும் கட்டணங்களும் சேர்ந்த முழு விலையைத்தான் நிறுவனம் காட்ட வேண்டும், நாம் கேட்காத சேவையைத் தானாகச் சேர்த்துப் பணம் வாங்கக் கூடாது என்கிறது அந்தக் கோவை. ஆகவே காசு கட்டும் பக்கம் வரைக்கும் போய்க் கடைசித் தொகையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் நம் விலை.

மலிவு விமானங்களில் கையில் கொண்டுபோகும் பை பொதுவாக ஆளுக்கு 7 கிலோதான். ஊருக்குப் போகிற தோட்டக் குடும்பம் 7 கிலோவோடு போகுமா? அத்தைக்குச் சேலை, மாமாவுக்குக் கைலி, பிள்ளைகளுக்கு மைலோ, பிஸ்கட் என்று பெட்டி தானாக நிறைந்துவிடும். பெட்டிக்கான கட்டணத்தைச் சீட்டோடு சேர்த்தே கட்டினால் குறைவு. விமான நிலையத்தில் நிறுவைக்கு வைத்த பிறகு கட்டினால் கூடுதல். பெட்டி இல்லாத ஒரு விலையையும், பெட்டி சேர்ந்த இன்னொரு விலையையும் பக்கத்தில் வைத்து, “இதுதான் சீப்பு” என்று சொல்வது சரியான கணக்காகாது.

வழிச் செலவையும் கூட்டுங்கள். சென்னைக்குச் சீட்டு மலிவு என்று வாங்கினால், அங்கிருந்து திருச்சி ஏறக்குறைய 330 கிலோமீட்டர். ஐந்து பேருக்கு ரயிலோ வேனோ வைக்க வேண்டும். தைப்பிங் பக்கத்துக் குடும்பம் விடியற்காலை விமானத்துக்கு முதல் நாள் இரவே சிப்பாங்குக்கு வேன் பிடிக்க வேண்டும். வடக்கே இருப்பவர்கள் பினாங்கையும் பாருங்கள். அங்கிருந்து சென்னைக்கு நேரடி விமானச் சேவையை 2024 டிசம்பரில் இண்டிகோ தொடங்கியது. ஜொகூர் தெற்கே இருப்பவர்கள் சிங்கப்பூர் விலையையும் ஒத்துப் பார்க்கலாம்.

லீவு முதலில், சீட்டு பிறகு

தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள் சம்பள விடுமுறை. இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 16 நாள். வார ஓய்வு நாளும் பொது விடுமுறையும் இந்தக் கணக்கில் சேராது, அவை தனி. இதை வைத்துத் திட்டமிட்டால் 12 நாள் லீவுக்காரர் இரண்டு வாரம் ஊரில் இருந்துவிட்டு வரலாம்.

ஆனால் லீவு எழுத்தில் கிடைக்கும் முன் சீட்டு வாங்காதீர்கள். “சார் சரின்னு தலையாட்டினாரு” என்பது ஆபீஸில் செல்லாது. குலைகள் அதிகம் விழும் மாதத்தில் நிர்வாகம் தேதியை மாற்றச் சொல்லலாம். மலிவுச் சீட்டு தேதியைச் சுலபமாக மாற்ற விடாது.

பெயரும் அப்படித்தான். கடப்பிதழில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து சீட்டிலும் விசாவிலும் இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிட்டு அப்புறம் ஓடக்கூடாது. ஒருவர் சீட்டை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது.

வாங்கிய பிறகு விலை இறங்கினால்?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பேராக்கில் ஒரு தோட்டம். செம்பனை அறுக்கும் தொழிலாளி, அவர் மனைவி, மூன்று பிள்ளைகள். தலைக்கு 900 வெள்ளி வீதம் 4,500 வெள்ளிக்குச் சீட்டு வாங்கினார்கள். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அப்படியானால் இது இரண்டரை மாதச் சம்பளத்துக்கும் மேல்! மூன்று வாரம் கழித்து அதே விமானம் 720 வெள்ளி என்று காட்டியது. மனிதர் சந்தோஷத்தில் குதித்தார். “தலைக்கு 180, அஞ்சு பேருக்கு 900 வெள்ளி மிச்சம்” என்று கணக்குப் போட்டார். கடன் வாங்கி 3,600 வெள்ளிக்குப் புதுச் சீட்டு வாங்கிவிட்டு, பழைய சீட்டை ரத்து செய்யப் போனார்.

பழைய சீட்டு பணம் திரும்பாத வகை. விமான நிலைய வரி மட்டும்தான் கிடைக்கும் என்றார்கள். 900 வெள்ளி மிச்சம் பிடிக்கப் போனவர் கையை விட்டுப் போனது 8,100 வெள்ளி. அவர் மனைவி கேட்ட கேள்வியை நாம் மறக்க முடியாது. “மலிவுன்னு ரெண்டு தடவ வாங்கினா, அது மலிவாங்க?”

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். விலை இறங்கியதைக் கண்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பழைய சீட்டின் நிபந்தனையைப் படிப்பது. அதில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, பணம் திரும்பாத சீட்டு. இதில் விலை இறங்கினாலும் நமக்கு லாபமில்லை. தேதியை மாற்றினால் மாற்றுக் கட்டணம் கட்ட வேண்டும். புது விலை கூடியிருந்தால் வித்தியாசத்தையும் கட்ட வேண்டும். குறைந்திருந்தால் மிச்சத்தைத் திருப்பித் தராத நிறுவனங்களே அதிகம். ஆகவே அந்த விலையைப் பார்க்காமல் இருப்பதே மனநிம்மதி.

இரண்டாம் வகை, ரத்துக் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரும் சீட்டு. வாங்கிய விலை 900, ரத்துக் கட்டணம் 100 என்றால் கைக்கு வருவது 800. புது விலை 720. தலைக்கு 80 வெள்ளி மிச்சம், ஐந்து பேருக்கு 400 வெள்ளி. இது உண்மையான லாபம், மாற்றி வாங்கலாம். ரத்துக் கட்டணம் 200 என்றால்? கைக்கு வருவது 700, புதுச் சீட்டு 720. தலைக்கு 20 வெள்ளி நட்டம். பேசாமல் இருங்கள்.

மூன்றாம் வகை, பணமாகத் தராமல் அந்நிறுவனத்தின் கணக்கிலேயே வரவு வைப்பது. அந்த வரவுக்குக் காலக்கெடு உண்டு. கெடுவுக்குள் மறுபடியும் பறக்கும் குடும்பத்துக்குத்தான் அது பணம்; மற்றவர்களுக்கு வெறும் காகிதம்.

மாற்றுவது லாபம் என்று தெரிந்தாலும் அவசரம் வேண்டாம். புது விலை ஐந்து பேருக்கும் கிடைக்கிறதா, பெட்டியும் சேர்ந்ததா என்று கடைசிப் பக்கம் வரை பாருங்கள். ரத்துப் பணம் கைக்கு வர நாளாகும். அதுவரை இரண்டு சீட்டுக்கும் பணம் தாங்குமா என்று பாருங்கள். ஒரே ஆளுக்கு ஒரே விமானத்தில் இரண்டு பதிவு இருந்தால் நிறுவனம் ஒன்றைத் தானே ரத்து செய்துவிடலாம். ஆகவே முதலில் நிறுவனத்துக்குப் போன் போட்டு, எதை முதலில் செய்வது என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நமக்குள்ள உரிமை

நாமாக மாற்றுவது வேறு, நிறுவனம் மாற்றுவது வேறு. நிறுவனமே விமானத்தை ரத்து செய்தால், வேறு விமானமா, பணமா என்பதை முடிவு செய்வது பயணிதான். இரண்டு மணி நேரத் தாமதத்துக்குச் சாப்பாடு தர வேண்டும். 2024 செப்டம்பர் 2 முதல், ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணி பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பணம் கட்டிய வழியிலேயே, 30 நாளுக்குள் திரும்பி வர வேண்டும். “வவுச்சர்தான் தருவோம்” என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

பயணமே போக முடியாமல் போனாலும், சீட்டோடு வாங்கிய பயணிகள் சேவைக் கட்டணத்தைக் கேட்டு வாங்குங்கள். 2024 ஜூனில் நிர்ணயித்தபடி, கே.எல்.ஐ.ஏ. இரண்டாம் முனையத்தில் வெளிநாட்டுப் பயணத்துக்கு அது தலைக்கு 50 வெள்ளி. ஐந்து பேருக்கு 250 வெள்ளி. ஒரு மாத அரிசி, பருப்புக்கு ஆகுமே! கேட்காதவருக்கு யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள்.

புகாரை முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். தீரவில்லையென்றால் மேலே போகலாம். முன்பு மாவ்காம் ஆணையம் இதைக் கவனித்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தப் பொறுப்பு சி.ஏ.ஏ.எம். எனப்படும் பொது விமானப் போக்குவரத்து அமைப்பிடம் இருக்கிறது.

ஏஜெண்டு வழி வாங்குவோர் சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்றவரா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். ரசீது, பதிவு எண், சீட்டின் நிபந்தனை ஆகிய மூன்றும் கைக்கு வர வேண்டும். பதிவு எண்ணை நிறுவனத்தின் பக்கத்தில் போட்டு, பெயர்கள் இருக்கின்றனவா என்று அன்றைக்கே பாருங்கள். நிறுவனம் திருப்பித் தந்த பணத்தை ஏஜெண்டு தராமல் இழுத்தடித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுத்துக்கொள்வார்கள்.

சம்பளத்தில் ஐம்பது வெள்ளி ஏற்றம் வாங்க எத்தனை மாதம் மேசையில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அப்படி வந்த காசை ஒரு விரல் தட்டலில் விடலாமா? சீட்டு வாங்கும் நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாலு வரி எழுதி வையுங்கள்: கடைசித் தொகை எவ்வளவு, பெட்டி எத்தனை கிலோ, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், தேதி மாற்ற எவ்வளவு ஆகும். இந்த நாலுக்கும் விடை தெரியாமல் பணம் கட்டாதீர்கள். ஆங்கிலத்தில் இருக்கும் நிபந்தனை புரியவில்லையென்றால் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமோ, தோட்டக் கிளைச் செயலாளரிடமோ காட்டுங்கள். பணம் கட்டும் முன் காட்டுங்கள். கட்டிய பிறகு காட்டினால், படித்துச் சொல்லத்தான் முடியும்.