டார்னடோ: கிடைப்பது பத்து நிமிஷம்



நம்ம கடற்கரைக்கு வருகிற புயல் பல நூறு கிலோமீட்டர் அகலம் கொண்டது. இரண்டு மூன்று நாளைக்கு முன்பே ரேடியோவிலே சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்காவின் நடுப்பகுதியிலே அடிக்கிற ‘டார்னடோ’ என்னும் சுழற்காற்று அப்படியில்லை. பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இருக்காது. ஆனால் மிகக் கடுமையானதில் காற்றின் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டரையும் தாண்டும். 1925 மார்ச் 18-ந் தேதி, ஒரே டார்னடோ மூன்று மாநிலங்களிலே 695 பேரைப் பலிகொண்டது.

இது எப்படி உண்டாகிறது? மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமான வெப்பக்காற்று தரையை ஒட்டி வரும். உயரத்திலே மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று வேகமாக ஓடும். விளக்குத்திரியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுகிறோமே, அதுபோல இடையிலுள்ள காற்று படுக்கைவாட்டில் உருளும். வெப்பக்காற்று மேலெழுந்து இடிமேகமாகும்போது அந்த உருளையை நிமிர்த்திவிடும். மேகமே சுழல ஆரம்பிக்கும்.

சுழலும் மேகமெல்லாம் டார்னடோவை இறக்குவதில்லை. அதனாலே முதல் நாள் ‘இந்த வட்டாரத்திலே வரக்கூடும்’ என்றுதான் சொல்ல முடியும். 1948 மார்ச் 25-ல் ஓக்லஹோமா விமானப்படைத் தளம் ஒன்றில், பாபுஷ், மில்லர் என்ற இரண்டு அதிகாரிகள் முதல்முறையாகச் சரியாகக் கணித்துச் சொன்னார்கள். இப்போது டாப்ளர் ராடார் இருக்கிறது. மேகத்துக்குள்ளே மழைத்துளி ராடாரை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று அது காட்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தால் அங்கே சுழல் இருக்கிறது என்று அர்த்தம். உடனே எச்சரிக்கை கொடுத்துவிடுவார்கள். அப்படியும் கிடைப்பது சுமார் பத்து நிமிஷம்தான்.

அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் முக்கியம். 2011 மே 22-ல் மிசௌரி மாநிலம் ஜாப்ளின் நகரிலே, காற்று தரை தொடுவதற்கு இருபது நிமிஷத்துக்கும் முன்பே சங்கு ஊதினார்கள். அடிக்கடி கேட்டுப் பழகிய சங்கு. பலர் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள், டெலிவிஷனைப் போட்டு விசாரித்தார்கள். சுமார் 160 பேர் இறந்துபோனார்கள்.

தப்பிக்கும் வழி என்ன? ஆளைக் கொல்வது பெரும்பாலும் பறந்து வரும் மரமும் தகரமும், இடிந்து விழும் சுவரும்தான். ஆகவே:

1. நிலவறை இருந்தால் அதிலே இறங்க வேண்டும்.

2. இல்லையென்றால் கீழ்த்தளத்திலே, வீட்டின் நடுவிலே, ஜன்னல் இல்லாத சின்ன அறைக்குள் போய், குனிந்து தலையை மூடிக்கொள்ள வேண்டும்.

3. ஜன்னலைத் திறந்துவைத்தால் வீடு தப்பும் என்பது தவறு. அதில் நேரம்தான் வீணாகும்.

4. பாலத்தின் அடியிலே ஒதுங்கக் கூடாது. அங்கே காற்று குவிந்து இன்னும் பலமாக வீசும்.

உங்கள் பிள்ளைகள் யாராவது டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம் வேலைக்குப் போயிருந்தால், அடுத்த முறை பேசும்போது ஒன்று கேளுங்கள்: “சங்கு ஊதினால் நீ எந்த அறைக்குள்ளே போவாய், தம்பி?” பதில் உடனே வர வேண்டும், யோசித்தால், அன்றைக்கே ஓர் அறையைப் பார்த்துவைக்கச் சொல்லுங்கள்.