ரிலாக்சரை நிறுத்திய பிறகு: முடியும் உடலும் உரிமையும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மொபீல் நகரில், 2010ஆம் ஆண்டு, கறுப்பினப் பெண் ஒருவருக்கு வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை கிடைத்தது. எல்லாம் பேசி முடித்த பிறகு, திரிதிரியாக விட்டிருந்த சடைமுடியை வெட்டிவிட்டு வந்தால்தான் வேலை என்றது நிறுவனம். அவர் மறுத்தார். வேலை போயிற்று. அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் அவருக்காக நீதிமன்றம் போனது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. பிறவியில் அமைந்த சுருளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அந்த முடியை எப்படி வைத்துக்கொள்கிறார் என்பதற்கு இல்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக, சுருண்ட முடியை நேராக்கும் ரிலாக்சர் பசையைத் தலையில் பூசிவந்ததை அழகு மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. சுருண்ட முடி ஒழுங்கற்றது என்று பள்ளியும் அலுவலகமும் ஓயாமல் சொல்லும்போது, மகளின் எதிர்காலத்தை நினைத்து அம்மாவே அந்தப் பசையைப் பூசிவிடுகிறார். சிறுமிகளுக்கென்றே தனி டப்பாக்களும் கடைக்கு வந்தன.

இன்று ஏராளமான பெண்கள் ரிலாக்சரை நிறுத்திவிட்டு, சொந்த முடியை வளர்க்கிறார்கள். அவர்களுக்கு முடியைக் காக்கும் முறையும் தெரிய வேண்டும், உடல்நல அபாயத்தின் உண்மையான அளவும் தெரிய வேண்டும், பாதிப்பு நேர்ந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரிய வேண்டும்.

பசை முடியை என்ன செய்கிறது?

முடியின் உறுதிக்கும் சுருளுக்கும் ஆதாரம், கெரட்டின் புரதத்தில் இருக்கும் கந்தகப் பிணைப்புகள். ரிலாக்சர் அவற்றை உடைத்து, பழைய வடிவத்துக்குத் திரும்பாதபடி மாற்றிவிடுகிறது. பழைய வகை ரிலாக்சரில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. சோப்பு தயாரிக்கவும் அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாயைத் திறக்கவும் பயன்படும் அதே காஸ்டிக் சோடாதான். பி.எச். அளவில் அதன் காரம் 12க்கும் மேல். நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் ராக்கின் 'குட் ஹேர்' என்ற 2009ஆம் ஆண்டு ஆவணப்படத்தில், இந்த ரசாயனத்தில் போட்ட அலுமினியக் குளிர்பான டின் கரைந்தே போகிறது.

காஸ்டிக் சோடா இல்லை என்ற விளம்பரத்துடன் வரும் வகைகளும் உண்டு. கால்சியம் ஹைட்ராக்சைடையும் குவானிடின் கார்பனேட்டையும் கலந்து அவற்றைத் தயாரிக்கிறார்கள். எரிச்சல் சற்றுக் குறையலாம், காரம் குறைந்துவிடுவதில்லை. கால்சியம் முடியில் படிந்து வறட்சியும் சேர்ந்துகொள்ளும்.

ஜார்ஜ் ஜான்சன் 1954இல் சிகாகோவில் தொடங்கிய, ரிலாக்சர் தயாரித்த ஜான்சன் புராடக்ட்ஸ், 1971இல் அமெரிக்கன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் பட்டியலிடப்பட்டது. அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பின நிறுவனம் அது. தன் ரிலாக்சரின் ஆபத்தை வாடிக்கையாளருக்கு எச்சரிக்க வேண்டும் என்று மத்திய வர்த்தக ஆணையத்திடம் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது 1975இல்தான். அதற்குள் ஒரு தலைமுறையே அந்தப் பசையைப் பூசிப் பழகிவிட்டிருந்தது.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

2022 அக்டோபரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று வெளியானது. 35 முதல் 74 வயது வரையுள்ள 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தது. ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் முடியை நேராக்கும் ரசாயனங்களைப் பயன்படுத்தியவர்களுக்கு, அவற்றைத் தொடாதவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் வாய்ப்பு இருந்தது. 70 வயதுக்குள் இந்த நோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

பாஸ்டன் பல்கலைக்கழகம் 1995 முதல் நடத்திவரும் கறுப்பினப் பெண்கள் நல ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. நீண்ட காலம் ரிலாக்சர் பயன்படுத்தியவர்களில், மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு 50 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. மாதவிடாய் நிற்காத பெண்களிடம் அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை.

இந்த எண்களைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இவை தொடர்பைக் காட்டுகின்றன. ரிலாக்சர்தான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. 2022 ஆய்வில் எந்த பிராண்டு, எந்தப் பொருள் என்ற விவரம் திரட்டப்படவும் இல்லை. பசையால் தலைத்தோல் புண்ணானால் ரசாயனம் உடலுக்குள் போவது கூடலாம் என்பதை ஆய்வாளர்கள் கவனப்படுத்துகிறார்கள். ரிலாக்சர் பூசிய எல்லோருக்கும் புற்றுநோய் வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு தெரிந்தாலோ, இரு மாதவிடாய்களுக்கு இடைப்பட்ட நாட்களில் ரத்தம் பட்டாலோ, மகளிர் நோய் மருத்துவரிடம் உடனே போக வேண்டும். எத்தனை ஆண்டு ரிலாக்சர் பயன்படுத்தினார் என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தலைக்குக் குளிப்பதில்தான் சூட்சுமம்

ரிலாக்சர் பட்ட பகுதி மறுபடி சுருளாது. வேரிலிருந்து வருவது மட்டுமே சொந்த முடி. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால், தோள்வரை நீள இரண்டு ஆண்டுக்கு மேலாகும். ஒரே அடியாக வெட்டிவிட்டுக் குட்டை முடியுடன் தொடங்குபவர்கள் உண்டு. மாதாமாதம் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, இரண்டையும் சேர்த்துச் சுமப்பவர்களும் உண்டு. இரண்டாவது வழியில் போகிறவர்களுக்குத்தான் பக்குவம் அதிகம் தேவை. சுருண்ட புது முடியும் தட்டையான பழைய முடியும் சேரும் இடம்தான் ஒவ்வொரு இழையிலும் மிக பலவீனமானது. ஈரத்தில் முடி இழுபட்டு நீளும் என்பதால் அங்கேதான் அறுந்து விழும்.

எனவே சிக்கெடுக்கும் வேலையை ஷாம்புவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். முடியை நான்காகவோ ஆறாகவோ பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் கண்டிஷனரோ எண்ணெயோ தடவி, முதலில் விரலாலும் பிறகு அகலப் பல் சீப்பாலும் சிக்கெடுக்கலாம். நுனியில் தொடங்கி மெதுவாக வேருக்கு ஏற வேண்டும். வேரிலிருந்து இழுத்தால் சிக்கெல்லாம் அந்த பலவீனமான இடத்தில் போய்ச் சேரும்.

எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய்க்கு ஆய்வு ஆதரவும் இருக்கிறது. இந்திய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஒப்பீட்டில், குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவிய முடி குறைவான புரதத்தையே இழந்தது. மினரல் ஆயிலிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் அந்தப் பலன் தெரியவில்லை.

பிரித்த பகுதிகளைத் தளர்வாகப் பின்னியோ கிளிப் போட்டோ வைத்தபடியே தலைக்குக் குளிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். சல்ஃபேட் இல்லாத மென்மையான ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் விரல் நுனியால் தேய்க்க வேண்டும். நகம் படக் கூடாது. வழிந்து வரும் நுரையே நுனிமுடிக்குப் போதும். முடியை உச்சியில் குவித்துக் கசக்கினால் சிக்கு மறுபடி விழும்.

கறுப்பினத்தவரின் முடியை வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ அலசினால் போதும் என்பது அமெரிக்கத் தோல்நோய் மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. ஒவ்வொரு முறையும் கண்டிஷனர் அவசியம். ரிலாக்சர் பட்ட நுனிப் பகுதியில் அது தாராளமாகவே படிய வேண்டும். குளித்ததும் முரட்டுத் துண்டால் தேய்க்காமல், பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுக்கலாம். ஹேர் டிரையரும் அயர்னிங்கும் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது.

சின்னச் சின்னப் பின்னல்களும் முறுக்குகளும் இரண்டு வகை முடியின் வித்தியாசத்தை மறைக்கும், சீப்பு படுவதையும் குறைக்கும். ஆனால் பின்னிய அன்றே தலை வலித்தால் அது இறுக்கம். தொடர்ந்து இழுபட்டால் நெற்றியோர முடி உதிர்ந்து, நாளடைவில் திரும்ப முளைக்காமலே போகலாம். உச்சந்தலையில் தொடங்கி வட்டமாகப் பரவும் தழும்பு வகை முடி உதிர்வும் கறுப்பினப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. வேர்க்கால் அழிந்த இடத்தில் எந்த எண்ணெயும் பலிக்காது. அரிப்பு, எரிச்சல், உச்சியில் முடி மெலிதல் ஆகியவை தெரிந்தால் பார்லரைத் தள்ளிவைத்துவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இடைக்காலத்தில் ஒரு பொறி

இரண்டுவித முடியோடு போராடிக் களைத்தவரிடம், ரிலாக்சர் வேண்டாம், கெரட்டின் செய்துகொள்ளுங்கள் என்பார் சலூன்காரர். பெயரில் இருப்பது புரதம். சூடு காட்டும்போது சில வகைகளிலிருந்து வெளிவருவது ஃபார்மால்டிஹைடு வாயு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஃபார்மலின், மெத்திலீன் கிளைக்கால் ஆகிய பெயர்களில் லேபிளில் இருந்தாலும் விஷயம் ஒன்றே. 2011இலேயே அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை சலூன் ஊழியர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. நாள் முழுக்க அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் அவர்கள்தான். முடி நேராக்கும் பொருட்களில் இதைத் தடைசெய்யும் திட்டத்தை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023இல் அறிவித்தது. விதி வெளியாக வேண்டிய கெடு அதன்பின் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏற்கெனவே தடை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து தடை.

ஃபார்மால்டிஹைடு இல்லாதது என்று விற்கும் சில வகைகளில் கிளையாக்சிலிக் அமிலம் உண்டு. இந்த அமிலம் 10 சதவீதம் கலந்த கிரீமால் மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்ட 26 வயதுப் பெண்ணுக்கு, ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024இல் பிரெஞ்சு மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள்.

சட்டம் திறந்த கதவுகள்

முடிக்கான உரிமையில் திருப்பம் வந்தது 2019இல். முடியின் தன்மையையும் பின்னல், சடை போன்ற அமைப்புகளையும் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைக் கலிஃபோர்னியா தடை செய்தது. 'கிரவுன்' சட்டம் எனப்படும் இதை இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்பற்றியிருக்கின்றன. நாடு முழுமைக்குமான மசோதா 2022இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனட்டைத் தாண்டவில்லை. சட்டத்தில் ஓட்டையும் உண்டு. முடியின் நீளத்துக்குப் பள்ளி விதிக்கும் கட்டுப்பாட்டை டெக்சஸின் கிரவுன் சட்டம் தடுக்காது என்று 2024 பிப்ரவரியில் அங்குள்ள நீதிபதி தீர்ப்பளித்தார்.

பொருளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவது, 2022 டிசம்பரில் கையெழுத்தான அழகுசாதன ஒழுங்குமுறை நவீனமயச் சட்டம். கடுமையான தீக்காயத்தையும் குறிப்பிடத்தக்க முடி உதிர்வையும் தீவிர பாதிப்பாக இச்சட்டம் ஏற்கிறது. புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் நிறுவனம் அதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பாதிக்கப்பட்டவரும் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் மெட்வாட்ச் திட்டத்தில் நேரடியாகப் பதியலாம். புற்றுநோய்க்கு இழப்பீடு கேட்டு ரிலாக்சர் தயாரிப்பாளர்கள்மீது பெண்கள் தொடுத்த ஆயிரக்கணக்கான வழக்குகள், 2023 முதல் சிகாகோ மத்திய நீதிமன்றத்தில் ஒன்றாக நடத்தப்படுகின்றன. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுக்கின்றன.

நம் ஊர் பார்லரில்

ரீபாண்டிங், ஸ்மூத்தனிங், கெரட்டின் என்று தமிழ்நாட்டு பார்லர்களில் நடப்பதும் இதற்குப் பக்கத்து வீட்டு விவகாரமே. ரீபாண்டிங்கில் பெரும்பாலும் தயோகிளைக்கோலேட் பயன்படுகிறது. அதன் மேல் காஸ்டிக் சோடா ரிலாக்சர் பட்டால் முடி அறுந்துவிடும் என்பதால், முன்பு செய்துகொண்டதைப் பார்லரில் மறைக்கக் கூடாது. பசை பூசும்முன் டப்பாவைக் காட்டச் சொல்லி, உள்ளடக்கத்தைப் படித்து, படம் எடுத்துக்கொள்வது வாடிக்கையாளரின் உரிமை.

தலை எரிந்தாலோ முடி கொத்தாக உதிர்ந்தாலோ 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாட்டுப் புகாராகலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பொருள்மீதே சந்தேகம் என்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதலாம். அழகுசாதனங்களும் அதன் பொறுப்பில்தான் வருகின்றன.

ஆதாரம் இல்லாமல் போனால் வழக்கு நிற்காது. டெல்லி ஹோட்டல் சலூன் ஒன்றில் முடியைத் தவறாக வெட்டியதற்குத் தேசிய ஆணையம் 2021இல் 2 கோடி ரூபாய் இழப்பீடு அறிவித்தது. நஷ்டத்துக்குச் சான்று எங்கே என்று கேட்டு, அந்தத் தொகையை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்து, வழக்கை ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. ஆகவே பில், பணம் செலுத்திய பதிவு, டப்பாவின் படம், முன்னும் பின்னும் தேதியுடன் எடுத்த தலையின் படங்கள், தோல் மருத்துவரின் சீட்டு, பார்லருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல் ஆகிய அனைத்தையும் புகாருடன் இணைக்க வேண்டும். உதிர்ந்த முடியையும் மிச்சப் பசையையும் தூக்கி எறியாமல், உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.