சிறுகதையிற் பேராசை உருப்பெறுமாறு

பிறர் பொருளைக் கவர விரும்புதலை வெஃகுதல் என்றும், அடங்காது வளரும் விருப்பத்தை அவா என்றும் கொண்டு, இரண்டையும் விலக்குமாறு தனித்தனி அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். அறநூலார் குற்றத்தைப் பெயர் கூறிக் கடிவர். சிறுகதை யாசிரியரோ பெயர் கூறாமலே அதனைப் படிப்போர் கண்முன் நடமாட விடுதல் வேண்டும். இதற்கு, வ. வே. சு. ஐயர் 1915இல் 'விவேகபோதினி'யில் வெளியிட்ட 'குளத்தங்கரை அரசமரம்' தக்க சான்றாகும்.

செல்வர் காமேசுவரையரின் மகள் ருக்மிணி, இளமையிலேயே நாகராஜனுக்கு மணம் செய்விக்கப்பட்டவள். சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி 1906இல் முறிந்தமை வரலாறு. கதையில் அம்முறிவே தந்தையின் செல்வத்தை அழிக்கின்றது. உடனே மாமன் மாமியர் மகனுக்கு வேறு பெண் தேடுகின்றனர். நாகராஜன் அதற்கு இசைந்தவன்போல் நடிக்கின்றான். அந்நடிப்பை மெய்யென நம்பிய ருக்மிணி குளத்தில் உயிர் துறக்கின்றாள்.

இங்கே ஒன்றை நுனித்து நோக்குதல் வேண்டும். ருக்மிணியின் அழகிலோ குணத்திலோ யாதொரு குறைவும் நேரவில்லை. மாறியது தந்தையின் கைப்பொருள் மட்டுமே. எனினும் மாமியின் கனிவு கடுமையாகின்றது. அன்பென்று தோன்றியது பொருள்மேற் சென்ற விருப்பமே என்பதை இம்மாற்றமே புலப்படுத்துகின்றது. 'பேராசைக்காரி' என்று ஆசிரியர் கூறியிருப்பின் இத்துணை ஆழமாக அது நெஞ்சிற் பதியாது.

கதை கூறுவது அரசமரம். வீட்டு முதியவள் பேசுவதுபோன்ற எளிய பேச்சுநடையே அதன் மொழி. நிழலளித்துக் கைம்மாறு வேண்டாத மரத்தின் வாயிலாகவே, பெண்ணைப் பொருளால் அளக்கும் மாந்தர் கதை வெளிப்படுகின்றது. இம்முரணே கதையின் தலைசிறந்த படிமம் எனலாம். மரத்தடியில் விளையாடிய குழந்தையை அக்குளமே இறுதியில் ஏற்கின்றது. பெற்றோர் பேராசை வழி வகுத்தது. மகனின் விளையாட்டு அதனை முடித்து வைத்தது. இருவர் பிழையையும் ஒருங்கே காட்டியமை ஆசிரியரின் நடுவுநிலைமைக்குச் சான்று.

குளமும் குளக்கட்டு மரமும் வன்னி மாணவர்க்குப் புதியன அல்ல. மணப்பேச்சிற் சீதனத்தை எண்ணிப் பார்க்கும் வழக்கமும் நம்மிடையே ஒழிந்தபாடில்லை. இக்கதையைக் கற்பிக்கும் ஆசிரியர் அதன் கருத்தை முதலில் உரைத்துவிடலாகாது. மாமியின் பேச்சு எவ்விடத்தில் மாறுகின்றது என்று மாணவரையே தேடச் செய்தல் வேண்டும். அவ்விடத்தைக் கதையிற் கண்டுகொண்டவர், தம் வீட்டு முற்றத்திலும் அதனை அறிந்துகொள்வர்.