‘இறந்துபட்ட நூல்’ - சொல்லும் பொருளும்

தமிழிலக்கிய வரலாறு கற்போர் ‘இறந்துபட்ட நூல்கள்’ என்னுந் தொடரைப் பல இடங்களிற் காண்பர். முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என்றாற்போலப் பெயர் மாத்திரம் எஞ்சி நிற்க, நூல் இல்லாதொழிந்தவற்றை இத்தொடர் குறிக்கும். உயிருள்ளனவே இறக்கும் என்பது இக்கால வழக்கு. அங்ஙனமாயின், உயிரில்லாத நூலை ‘இறந்தது’ எனல் எவ்வாறு பொருந்தும்? இஃது உருவகமோ எனின், அன்று. அச்சொல்லின் பழம்பொருள் வழி வந்த நேரிய வழக்கேயாம்.

‘இற’ என்னும் வினைப்பகுதியின் பழம்பொருள் கடத்தல் என்பது. பாலைத்திணைச் செய்யுள்களிலே தலைவன் சுரம் இறந்தான் எனக் கூறப்படுமிடத்து, அவன் மாண்டான் என்பது கருத்தன்று. அருஞ்சுரத்தைக் கடந்து சென்றான் என்பதே கருத்து. வழியைக் கடத்தலைக் குறித்த சொல், வரம்பைக் கடத்தலையுங் குறித்தது. திருக்குறளிற் பொறையுடைமை கூறுமிடத்து, ‘இறப்பு’ என்பது பிறர் வரம்பு கடந்து செய்த தீங்கினை உணர்த்துகின்றது. வெகுளாமை அதிகாரத்தின் இறுதிக் குறளிலோ இச்சொல் அடுத்தடுத்து இருமுறை வருகின்றது. முன்னது சினத்தில் அளவு கடந்தாரையும், பின்னது செத்தாரையுங் குறிக்கின்றன. பழம்பொருளும் பிற்பொருளும் ஓரடியில் ஒருங்கு நிற்றலை ஆண்டுக் காணலாம். தொல்காப்பியர் வகுத்த மூன்று காலங்களுள் முதலாவதாகிய இறப்பும் கடந்துபோன காலமேயன்றி வேறன்று.

இச்சொல்லை நூல்களுக்கு ஆண்டவருள் சிறப்பாகக் குறிப்பிடத் தக்கவர் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார். இசைத்தமிழ், நாடகத்தமிழ் ஆகியவற்றின் தொன்னூல்களை எண்ணுமிடத்து, அவை ‘இறந்தன’ என்கின்றார். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்பவற்றைப் பற்றி அவர் கூறுவது மேலும் நுட்பமானது. அவற்றுட் சில சூத்திரங்கள் தம் காலத்தும் வழங்கினவாயினும், நூலின் முதலும் நடுவும் இறுதியும் காணப்படாமையால், அவையும் இறந்தன போலும் என்பது அவர் கருத்து. எனவே, ஒரு நூல் இறவாதிருத்தலுக்குச் சில வரிகள் எஞ்சுதல் போதாது. முழுமை வேண்டும் என்பது பெறப்படும். மேற்கோட் செய்யுள்களாக ஏறத்தாழ 70 மட்டும் எஞ்சியுள்ள வளையாபதி இவ்விதிக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். இந்நுட்பத்தை உரைத்த அடியார்க்குநல்லாரின் உரைதானும் நமக்கு முழுமையாகக் கிடைத்திலது. கானல்வரிக்கும், வழக்குரை காதை முதலாய பகுதிகளுக்கும் அவர் உரை இன்றில்லை.

இப்பொருளைக் குறிக்க வேறு சொற்களும் உள. மயிலை சீனி. வேங்கடசாமி 1959 இல் வெளியிட்ட நூலுக்கு ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ எனப் பெயரிட்டார். மறைதல் கண்ணுக்குப் புலனாகாமை. அழிதல் உருவே கெடுதல். இறத்தலோ கடந்து போதல். கடந்து போயது மீளுமா என்பதை அச்சொல் கூறுவதில்லை.

மீண்ட நூல்களும் உள. அடியார்க்குநல்லார் உரைக்குத் துணையாகக் கொண்ட இசைநூல்களுள் ஒன்றாகிய பஞ்சமரபு, நெடுங்காலம் கிடையாதெனக் கருதப்பட்டுப் பின் 20 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிற் கண்டெடுக்கப்பட்டு அச்சேறியது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இற் கலித்தொகையையும் பதிப்பித்து, ஏட்டளவில் நின்ற அவற்றைக் கற்போர் கைக்கு எட்டச் செய்தார். ஏடு எங்கேனும் எஞ்சியிருந்தமையாலன்றோ இவை கைகூடின? 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் தீக்கிரையாயின. வேறு படியில்லாத சுவடி எரிந்தவிடத்து ‘இறந்தது’ என்னுஞ் சொல் போதாது. ‘அழிந்தது’ என்றே கூறல் வேண்டும்.

இறந்ததற்கும் அழிந்ததற்கும் இடையே நிற்பது பெரும்பாலும் ஒரேயொரு படியே. வீட்டுப் பரணிலும் கோயிற் பெட்டகத்திலும் படிப்பாரற்றுக் கிடக்கும் ஏட்டுக்கட்டு ஒவ்வொன்றும் அவ்வெல்லையில் நிற்பதாகும். அதனைப் படியெடுத்து வைப்பார் உளராயின், இறந்ததென எண்ணப்பட்டது மீண்டும் வழங்குதல் கூடும்.