பதில் வராத கொப்பிகள்

பதிப்பகம் ஏற்காத பிரதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அந்த மனவருத்தத்தை எப்படித் தாங்குவது என்று சொல்லித்தரும் புத்தகங்கள் பெரும்பாலும் இலண்டனையும் நியூயோர்க்கையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே 'எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை' என்று இரண்டு வரிக் கடிதமாவது வரும். சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் இருந்து எழுதுகிறவருக்குப் பெரும்பாலும் அதுவும் வருவதில்லை. பலாங்கொடைப் பக்கமோ தெரணியகலைப் பக்கமோ ஒரு லயத்துக் காம்பராவில் சீ.ஆர். கொப்பி நிறைய எழுதி, டவுனில் காசு கொடுத்து டைப் செய்வித்து, பதிவுத் தபாலில் கொழும்புக்கோ சென்னைக்கோ அனுப்புகிற நாவலுக்கு இரண்டே விதமான பதில்தான் வழக்கம். ஒன்று மௌனம். மற்றது, 'போடலாம், அச்சுச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால்' என்ற கணக்கு. இரண்டிலுமே எழுத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனாலும் எழுதியவர் இரண்டையும் தன் எழுத்துக்கு வந்த தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார். கொப்பி பெட்டிக்கு அடியில் போய்விடுகிறது. தீர்ப்பே சொல்லப்படாத இடத்தில் தீர்ப்பைக் கற்பித்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

மலையக இலக்கியத்தின் வரலாற்றையே இதற்குச் சாட்சியாக வைக்கலாம். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' சிறுகதை தினகரனில் வெளிவந்தது 1961இல். மலையகச் சிறுகதை என்றால் முதலில் நினைவுக்கு வரும் கதைகளில் அது ஒன்று. அதே பெயரில் அவருடைய தொகுப்பு நூலாக வந்தது 1980இல், மு. நித்தியானந்தனின் வைகறை வெளியீடு அது. இடையில் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள். அந்த இருபது ஆண்டில் கதை கெட்டுப்போகவும் இல்லை, திடீரென்று மேம்படவும் இல்லை. நூலாக்க ஒருவர் முன்வரவில்லை, பிறகு ஒருவர் வந்தார், அவ்வளவுதான். தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' 1979இல் வந்ததும் அதே வைகறையால்தான். சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' 1981இல் நூலானதும் அப்படியே. இந்த மூன்று பெயர்களையும் விட்டுவிட்டு மலையக இலக்கியம் பேச முடியாது. மூவரின் நூல்களும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வெளிவர ஒரு தனிமனிதரின் முனைப்பு வேண்டியிருந்தது என்றால், அந்த முனைப்பு இல்லாமல் போன பிரதிகள் எத்தனை என்று யோசித்துப் பார்க்கலாம்.

இதைவிடத் தெளிவான சான்று எழுபதுகளில் இருக்கிறது. அப்போதைய அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தமிழ்நாட்டில் இருந்து வரும் வார இதழ்களும் நாவல்களும் குறைந்தன. வாசகர் கை வெறுமையானது. அந்த இடத்தை நிரப்ப வந்த வீரகேசரி பிரசுரம் வரிசையாக உள்ளூர் நாவல்களை வெளியிட்டது. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இல் அப்படி வந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு இந்தியப் புத்தகங்கள் மறுபடி தாராளமாக வரத் தொடங்கிய பின் அந்த வேகம் தளர்ந்தது. ஒரே எழுத்தாளர், ஒரே தரம்; சுங்கத் திணைக்களத்தின் கதவு மூடியிருந்தால் பிரதிக்கு வரவேற்பு, திறந்திருந்தால் வரவேற்பு இல்லை. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோக் கணக்கில் கழிப்பது எல்லோருக்கும் தெரியும். பதிப்பகத்தின் 'வேண்டாம்' என்ற பதிலில் இருந்தும் அப்படிக் கழிக்க வேண்டியது நிறைய உண்டு: காகித விலை, அந்த ஆண்டு விற்பனை, பதிப்பாளருக்குப் பழக்கமான ஊர், பழக்கமில்லாத ஊர். கழித்துப் பார்த்த பிறகு மிஞ்சுவதுதான் எழுத்தைப் பற்றிய அபிப்பிராயம்.

உலகம் முழுக்க இதே கதைதான். போலந்தில் பிறந்து அமெரிக்காவில் எழுதிய ஜெர்சி கொசின்ஸ்கியின் 'ஸ்டெப்ஸ்' நாவல் 1969இல் அந்நாட்டின் தேசிய நூல் விருதைப் பெற்றது. சில ஆண்டுகள் கழித்து சக் ரொஸ் என்பவர் அந்த நாவலை அப்படியே டைப் செய்து, வேறு பெயர் போட்டு, பதினான்கு பதிப்பகங்களுக்கு அனுப்பினார். அத்தனையும் மறுத்துவிட்டன. மறுத்தவற்றில் அந்நாவலை முதலில் வெளியிட்ட பதிப்பகமும் ஒன்று. விருது பெற்ற எழுத்துக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாதவரின் பிரதி என்ன மதிப்போடு புரட்டப்படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். மறுக்கப்பட்டுப் பிறகு வென்றவர்களின் கதைகள்தான் நமக்குத் தெரியும். மறுக்கப்பட்டு, மறுக்கப்பட வேண்டியதாகவே இருந்த ஆயிரம் பிரதிகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆகவே இப்படிப்பட்ட ஆறுதல் கதைகள் சுமாரான எழுத்தாளரையும் மேதை என்று நம்ப வைக்கும் என்று சொல்லலாம். சரிதான். பதிப்பகம் ஏற்கவில்லை என்பது எழுத்து நல்லது என்பதற்கும் சான்றாகாது. கெட்டது என்பதற்கும் நல்லது என்பதற்கும் மௌனம் சாட்சி சொல்லாது. அதனால்தான் காரணத்தோடு வருகிற மறுப்பை வேறு கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்த்தவர் நம் நாட்டிலேயே இருக்கிறார். ஷெஹான் கருணாதிலக்கவின் பேய்க்கதை நாவல் ஒன்று 2020இல் இந்தியாவில் 'சாட்ஸ் வித் த டெட்' என்ற பெயரில் வந்தது. வெளிநாட்டுப் பதிப்பகங்கள் ஏற்கவில்லை. இலங்கை அரசியலும் இங்குள்ள ஐதீகங்களும் வெளியாருக்கு விளங்கவில்லை என்பது காரணம். அவர் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. இலண்டனில் ஒரு சிறிய பதிப்பகத்தின் ஆசிரியரோடு உட்கார்ந்து நீண்ட காலம் செலவிட்டுத் திருத்தி எழுதினார். 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா' என்று பெயர் மாறி வந்த அந்த நாவல் 2022இல் புக்கர் பரிசு பெற்றது. பிணக்குவியலையும் கொழும்பு அரசியலையும் அவர் வெட்டி எறிந்துவிடவில்லை. வாசகர் வழி தவறும் இடங்களில் வழி காட்டினார். 'விளங்கவில்லை' என்ற மறுப்பில் அவருக்கு உபயோகமான ஒரு தகவல் இருந்தது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது வந்த பதிலைத் தரம் பிரிப்பது. மனம் நோவதைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. 2003இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பந்து விளையாட்டில் ஒருவரை மட்டும் வேண்டுமென்றே ஒதுக்கி மூளையைப் படம் பிடித்தபோது, உடல் வலியோடு தொடர்புள்ள பகுதியே விழித்துக்கொண்டதைக் கண்டார்கள். நோகட்டும், ஒரு வாரம் கொப்பியைத் தொடாமல் இருக்கலாம். அதன் பிறகு கணக்குப் பார்க்க வேண்டும். மூன்று நான்கு மாதமாகியும் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்த இடத்தை மறந்துவிட்டு அடுத்த இடம். செலவை ஏற்கச் சொன்னால் அது வியாபாரப் பேச்சு, இலக்கியப் பேச்சு அல்ல. ஒருவர் காரணம் சொன்னால் குறித்து வைக்கலாம். ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டி இங்கே தொய்கிறது என்றால், அந்த அத்தியாயத்தைத் திறந்துதான் ஆக வேண்டும்.

ஆனால் எந்தக் காரணத்தை ஏற்பது, எதை மறுப்பது? சப்ரகமுவ எழுத்தாளருக்கு இது இன்னும் சிக்கலான கேள்வி. பிரட்டு, பீலி, இஸ்தோப்பு, கவ்வாத்து என்று தேயிலைத் தோட்டத்துச் சொற்களாவது இப்போது வாசகருக்குப் பழகிவிட்டன. கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால்வெட்டப் போகிறவளின் நாளும், மழை பெய்தால் வேலையில்லாமல் போகும் அவள் சம்பளமும், சிங்களச் சொற்கள் இயல்பாகக் கலந்த அவள் பேச்சும் பதிப்பாளர் மேசைக்குப் புதியவை. நுவரெலியாவும் பதுளையும் மட்டுமே மலையகம் என்று நினைத்துக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டில் மட்டுமல்ல, கொழும்பிலும் உண்டு. அந்தப் பேச்சைச் 'செந்தமிழாக்கு' என்று கேட்டால் கேட்பவர் தவறு, மறுத்துவிடலாம். அதே ஆசிரியர், 'எழுபதாம் பக்கம் வரை கதை தொடங்கவில்லை' என்றால் அதற்குத் தோட்டத்து வழக்கைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது. சொல் நம்முடையது, கட்டுமானம் எல்லோருக்கும் பொது. 'எங்கள் வாழ்க்கை இவர்களுக்கு விளங்காது' என்பது பல தருணங்களில் உண்மை, சில தருணங்களில் சாக்கு. இரண்டையும் பிரித்தறியும் நேர்மை எழுத்தாளருக்குத்தான் வேண்டும்.

அடுத்த ஆட்சேபம் இன்னும் நேரடியானது: பதிப்பகத்தை ஏன் கெஞ்ச வேண்டும், நானே அச்சிட்டுக்கொள்கிறேன். தவறில்லை. மார்சல் புரூஸ்தின் பெருநாவலின் முதல் பாகத்தைப் பாரிஸ் பதிப்பகங்கள் தட்டிக்கழிக்க, அவர் 1913இல் கைக்காசு கொடுத்து அச்சிட்டார். மறுத்தவர்களில் ஒருவரான ஆந்த்ரே ழீத் அடுத்த ஆண்டே வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். கருணாதிலக்கவின் முதல் நாவலான 'சைனாமன்' கூடப் பிரதியாக இருக்கும்போதே 2008க்கான கிரேஷன் பரிசைப் பெற்றிருந்தும், 2010இல் அவர் தானே வெளியிட்ட நூல்தான். ஆனால் பாரதியையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1920இல் கடையத்தில் இருந்துகொண்டு தன் எழுத்துகளை நாற்பது நூல்களாக அச்சிட நிதி கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார் அவர். பணம் சேரவில்லை, திட்டம் கைகூடவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் காலமானார். எழுத்தின் பெருமை அச்சுக்கூலியைக் கட்டாது.

இலங்கைத் தமிழில் இன்று வெளிவரும் நூல்களில் பல எழுத்தாளரின் சொந்தக் காசில் சில நூறு பிரதிகளாக வருபவைதான். வெளியீட்டு விழா, முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று ஒரு மாலையில் போட்ட முதலில் ஒரு பங்கு திரும்பும். மிச்சப் பிரதிகள் கட்டுப் பிரிக்காமல் வீட்டில் கிடக்கும். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இது விளையாட்டல்ல, நகை அடகுக் கடைக்குப் போகும் விவகாரம். ஆகவே பிரதியை அந்நியர் இருவராவது படித்துக் குறை சொல்லும் வரை கடன் வாங்கி அச்சிடுவது வீண் துணிச்சல். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை நூல் வெளியீட்டுக்கு உதவும் திட்டத்தை நடத்துகிறது. அதன் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குவது அடகுச்சீட்டை விட மேல். நாவலை முழுதாகத் தலையில் சுமக்கும் முன் அதில் ஓர் அத்தியாயத்தைச் சிறுகதையாக்கி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கோ 'ஞானம்', 'ஜீவநதி' போன்ற சஞ்சிகைக்கோ அனுப்பிப் பார்ப்பதும் பழைய, சோதித்த வழி.

சோதித்த வழி என்று சொல்லக் காரணம் உண்டு. அறுபதுகளில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் வீரகேசரியும் சேர்ந்து சிறுகதைப் போட்டிகளை நடத்தின. பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்ற தொகுப்பாயின. போட்டி என்றால் பலருக்குத் தோல்வி நிச்சயம். ஆனால் அந்தத் தோல்விக்குத் திகதி இருந்தது, நடுவர் இருந்தார், வென்ற கதையை வாசித்துத் தன் கதையோடு ஒப்பிட்டுப் பார்க்க வழி இருந்தது. பிறகு 1997இல், கொழும்பில் வியாபாரம் செய்துவந்த துரை விசுவநாதன் துரைவி பதிப்பகத்தின் மூலம் மலையகச் சிறுகதைகளைத் திரட்டி வெளியிட்டபோது, பழைய பத்திரிகைத் தாள்களில் முடங்கிக் கிடந்த பல கதைகள் மறுபடி வெளிச்சம் கண்டன. பத்திரிகையில் ஒருமுறை அச்சேறியிருந்ததால்தான் தேடி எடுக்க முடிந்தது. பெட்டிக்கு அடியில் கிடந்ததை யார் தேடுவார்?

சப்ரகமுவத் தோட்டங்களுக்கு இந்த இழப்பு மற்ற இடங்களை விட அதிகம். 1977இலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடைப் பக்கங்களில் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டார்கள். குடும்பம் குடும்பமாக வன்னிக்கும் இந்தியாவுக்கும் போனார்கள். போனவர்களோடு கதைகளும் போயின. இருப்பவர்களின் பிள்ளைகளில் பலர் பக்கத்தில் தமிழ்ப் பாடசாலை இல்லாததால் சிங்களத்தில் படிக்கிறார்கள். இன்று தமிழில் எழுதுகிற ஒருவர் அங்கே மனமுடைந்து பேனாவை மூடிவிட்டால், அவர் இடத்தில் நாளை எழுத இன்னொருவர் வரிசையில் நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

எனவே பதிப்பாளர்களிடமும் சஞ்சிகை ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வரும் பிரதிகள் எல்லாவற்றுக்கும் நீண்ட விமர்சனம் எழுத உங்களுக்கு நேரமில்லை என்பது உண்மை. 'கிடைத்தது, இந்த ஆண்டு முடியாது' என்று ஒரு வரி, அல்லது 'இருபதாம் பக்கத்தில் நின்றுவிட்டேன், காரணம் இது' என்று இரண்டு வரி, தொலைபேசிக் குறுஞ்செய்தியாகவாவது அனுப்புங்கள். எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ இருக்கும் ஆசிரியர்களே, நூலகர்களே, உங்கள் பகுதித் தோட்டத்தில் யாரிடமாவது எழுதி முடித்த கொப்பி இருந்தால் அதைக் கேட்டு வாங்கி, கையில் பென்சிலோடு முழுதாக ஒருமுறை படித்துக் கொடுங்கள்.