தன்னாமுனைக் குசினிக்குள் ஒரு பள்ளிக்கூடம்

சத்தம் போடாமல் வாங்க. முன்கதவால் வேண்டாம், அங்கே பார்க்க ஒன்றுமில்லை. குசினிப் பக்கமாய்ச் சுற்றி வாங்க. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறாவூர்ப் பக்கம் போகும் திருகோணமலை வீதியில், வாவியை ஒட்டிய ஊர் தன்னாமுனை. அங்கே இந்தச் சின்ன வீட்டில் அசல் வேலையெல்லாம் குசினிக்குள்தான் நடக்கிறது. அடுப்பில் புட்டு அவிகிறது. பக்கத்துப் பலகையில் ஒரு அரிசிச் சுண்டு, அடிமட்டம், பழைய கலண்டர் தாள், சீவி வைத்த பென்சில்கள். கீழே ஈரச் சாக்கால் மூடிய ஒரு வாளி. வாளிக்குள் என்னவோ சரசரக்கிறது! பொறுங்க, அது பாடம் தொடங்கும்போதுதான் திறபடும்.

பிள்ளைகள் இன்னும் பாயில். அம்மா ஒரு கையால் புட்டுக்குத் தேங்காய்ப்பூ துருவிக்கொண்டே, சுவரில் சாய்த்து வைத்த கைபேசியில் ஒரு பக்கத்தை வாசிக்கிறார். அது தேசிய கல்வி நிறுவகத்தின் மூன்றாம் தர ஆசிரியர் வழிகாட்டி! பள்ளிக்கூட ஆசிரியர் கையில் வைத்திருக்கும் அதே புத்தகம். நிறுவகத்தின் இணையத்தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. பாடப்புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தன் தளத்தில் போட்டிருக்கிறது. எனக்கு இதைக் கண்டதும் துள்ளிக் குதிக்காத குறை. எத்தனை அம்மாமார் “எனக்கு என்ன தெரியும், நான் எப்படிப் படிப்பிக்கிறது” என்று பின்வாங்குகிறார்கள்! எந்தப் பாடத்தில் எதைப் பார்க்க வேண்டும், பிள்ளையிடம் என்ன கேட்க வேண்டும் என்று அந்த வழிகாட்டியில் படிப்படியாக எழுதியிருக்கிறது. முதல் நாள் இரவோ விடியவோ ஒரு பக்கம் வாசித்தால் போதும்.

“முழுக்க வாசிக்க மாட்டன் அக்கா. இண்டைக்கு ஒண்டே ஒண்டு எண்டு எடுப்பன்” என்கிறார் அவர். அந்த ஒன்றேயொன்றில்தான் எல்லாம் இருக்கிறது என்பேன்.

இப்போது பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள். முகம் கழுவி, புட்டும் முடிந்தது. வாளி திறபடுகிறது. நண்டு! வாவியில் பிடித்த நாலு நண்டு, கொடுக்கை நாரால் கட்டியபடி. மகன் மூன்றாம் தரம், மகள் ஏழாம் தரம். இரண்டு பேருக்கும் ஒரே வாளிதான் பாடம்.

“திருப்பிப் பார் மனே. வயிற்றுப் பக்கத்து மடல் எப்பிடி இருக்கு?”

ஒடுங்கிய முக்கோணமாக இருந்தால் ஆண். அகன்று வட்டமாக இருந்தால் பெண். முட்டை காவும் இடம் அது, அகலம் வேண்டாமா? மகள் குனிந்து பார்த்துக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் கீறுகிறாள். தமிழில் நாலைந்து வரி, ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுத வேண்டும் அவளுக்கு. தம்பிக்குக் கணக்கு. கொடுக்கோடு சேர்த்து ஒரு நண்டுக்குப் பத்துக் கால், நாலு நண்டுக்கு எத்தனை?

“முப்பத்தொன்பது!”

நான் வாயைத் திறக்கப் போனேன். நல்லகாலம் திறக்கவில்லை. “ஒண்டுக்கு ஒரு கால் இல்ல மாமி, பாருங்க!” என்று தூக்கிக் காட்டுகிறான். உண்மையாகவே இல்லை! நாற்பதைச் சொல்லியிருந்தால் வாய்ப்பாடு பாடமென்று அர்த்தம். முப்பத்தொன்பது என்றால் பிள்ளை பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். உடனே அடுத்த கேள்வி: “அந்தக் கால் மறுகா முளைக்குமா அம்மா?”

அம்மா சொன்ன பதிலைக் கேளுங்கள். “எனக்குத் தெரியாது மனே. எழுதி வை, பின்னேரம் தேடிப் பார்ப்பம்.” அவ்வளவுதான். பிள்ளைக்கு அதில் ஒரு ஏமாற்றமும் இல்லை, கேள்வி கொப்பியில் ஏறிவிட்டது. பின்னேரம் தேடினார்கள்: நண்டு கோது கழற்றும்போது இழந்த கால் திரும்ப முளைக்கும். முதலில் சிறிதாக வரும், கோது கழற்றக் கழற்றப் பெருக்கும். அந்த வீட்டில் இனி யாரும் அதை மறக்கப் போவதில்லை.

எல்லாமாக அரை மணித்தியாலம் கூட ஆகவில்லை. பயந்துபோயிருக்கும் அம்மாமாருக்கு நான் கத்திச் சொல்ல விரும்பும் விஷயம் இதுதான்: வீட்டில் படிப்பிக்க முழு நாளும் தேவையில்லை! வகுப்பறையில் 40 நிமிடப் பாடம், 35 பிள்ளைகள் என்று வையுங்கள். ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒரு பிள்ளைக்குத் தனியாகக் கிடைப்பது ஒரு நிமிடம் சொச்சம். நீங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் இருபது நிமிடம் இருந்தால் அது எவ்வளவு பெரிய செல்வம்! ஆகவே காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை மேசையில் குந்தவைக்கும் வேலை வேண்டாம். மணி அடிக்கவும் வேண்டாம். சின்னப் பிள்ளைக்குப் பதினைந்து நிமிடம், பெரியதற்கு முப்பது. பிறகு எழும்பி ஓடட்டும். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று பிள்ளை கேட்கிற இடத்தில் நிறுத்தினால் நாளைக்கு அதுவே கொப்பியைத் தூக்கிக்கொண்டு வரும்.

இந்தக் குசினிப் பள்ளிக்கூடம் எப்போது தொடங்கியது என்று கேட்டேன். 2020. மார்ச் நடுவில் கொரோனாவால் நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டன. திறந்தார்கள், மறுபடி பூட்டினார்கள். 2021 ஒக்டோபரில், முதலில் 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளாகத் திறக்கத் தொடங்கும் வரை இலங்கையில் அநேகமாக எல்லா அம்மாவும் ஆசிரியைதான். வாட்ஸ்அப்பில் படம் படமாகப் பாடக்குறிப்பு வரும். வீட்டில் ஒரு கைபேசி, இரண்டு பிள்ளை, டேட்டா போடக் காசு தேட வேண்டும். 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடி வகுப்பு நின்றது. மாரி வெள்ளம் வந்தால் மட்டக்களப்பில் பள்ளிக்கூடம் பூட்டுவது புதினமும் இல்லை. அந்த அம்மா அந்த நாட்களில் பழகியதை விடவில்லை. பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள், சனிக்கிழமையிலும் விடுமுறையிலும் வெள்ள நாட்களிலும் வாளி திறபடுகிறது.

முழுநேரமும் வீட்டிலேயே படிப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வரை கட்டாயக் கல்வி. ஆகவே பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுக்கும் முன் வலயக் கல்விப் பணிமனையில் நேரே கேட்டுவிடுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். லண்டனில் இருக்கும் சொந்தக்காரருக்குச் சட்டமே வீட்டுக் கல்விக்கு இடம் கொடுக்கிறது, ஜெர்மனியில் இருப்பவருக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதுவதுண்டு.

சரி, குசினிக்குத் திரும்புவோம், எனக்கு இன்னும் காட்ட இருக்கிறது! மகள் கீறிய வாவிப் படம் சுவரில் ஒட்டியிருக்கிறது. வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். ஒரு சென்ரிமீற்றருக்கு நாலு கிலோமீற்றர் என்று அளவிட்டால் 14 சென்ரிமீற்றர். கலண்டர் தாளில் அழகாக அடங்குகிறது. வடக்கே ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே துறைநீலாவணைப் பக்கம்வரை நீல வர்ணம். தன்னாமுனைக்கு மட்டும் சிவப்புப் பொட்டு! பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் 1913, கல்லடிப் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 1924, கோட்டைக்குப் பக்கத்தில் போர்த்துக்கேயர் கட்டிய 1628, ஒல்லாந்தர் பிடித்த 1638. ஒவ்வொன்றுக்கும் வயது எத்தனை என்று தம்பி கழித்துப் பார்க்க வேண்டும். வரலாறு, புவியியல், கணக்கு மூன்றும் ஒரே தாளில், ஒரு சதம் செலவில்லாமல். உங்கள் ஊரில் வாவி இல்லாவிட்டால் குளம் இருக்கும், சந்தை இருக்கும், பஸ் நிலையம் இருக்கும். அதைக் கீறச் சொல்லுங்கள்.

அரிசிச் சுண்டை மறக்கவில்லை. அரைச் சுண்டு, கால் சுண்டு, முக்கால் சுண்டு. பின்னம் பிடிபடாத பிள்ளைக்கு இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை. கால் இரண்டு சேர்ந்தால் அரை என்பதை அவன் கையால் ஊற்றியே பார்த்துவிட்டான்.

ஒன்றை மட்டும் விடவே கூடாது, அது வாசித்துக் காட்டுவது. எந்த நாள் குழம்பினாலும், எல்லாப் பாடமும் நின்றாலும், இரவில் ஒரு கதை சத்தமாக. வாசிக்கத் தெரிந்த பெரிய பிள்ளைக்கும் வேண்டும். ஏழாம் தரத்து மகள் தனக்கு விருப்பமில்லை என்று காட்டிக்கொண்டு பாயோரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பதை நான் நேரே பார்த்தேன்.

குழம்பும் நாள் வரும், நிச்சயம் வரும். தம்பி அழுவான், அக்கா கதவைச் சாத்துவாள், புட்டு அடிப்பிடிக்கும், நீங்கள் கத்திவிடுவீர்கள். அன்றைக்குக் கொப்பியை மூடிவிட்டு எல்லாரும் வாவிக் கரைக்குப் போங்கள். படிப்பு எங்கும் ஓடிவிடாது. உங்களுக்கென்று அரை மணித்தியாலமும் எடுங்கள். பிள்ளைகள் தனியே கீறட்டும், நீங்கள் தேத்தண்ணியைச் சூடாகக் குடியுங்கள். இதைக் களவு மாதிரி நினைக்கும் அம்மாமார் அதிகம். தயவுசெய்து நினைக்காதீர்கள். களைத்த அம்மாவின் குரல் பிள்ளைக்கு முதலில் தெரிந்துவிடும்.

இரவில் இந்த அம்மா பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் இரண்டு வரி எழுதுகிறார்: இன்றைக்குப் பிள்ளை என்ன கேட்டது, எதை விளங்கிக்கொண்டது. எனக்குக் காட்டினார். “39 கால்” என்று அன்றைக்கு எழுதியிருந்தது! “ஒண்டும் படிக்கல எண்டு மனம் சொல்ற நாளில இதப் புரட்டுவன்” என்றார். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் காட்டவும் உதவும்.

ஆங்கிலமும் பெரிய வகுப்புக் கணிதமும் கைவரவில்லையா? உயர்தரம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள், வாரத்தில் ஒரு பின்னேரம் வருவாள். பதிலுக்கு அவளுக்கு நண்டுக்குழம்பு கொடுக்கலாம். உங்கள் மாதிரியே வீட்டில் படிப்பிக்கும் அம்மாமாரையும் கண்டுபிடியுங்கள். ஞாயிறு பூசை முடிந்து தன்னாமுனை புனித சூசையப்பர் கோவில் வாசலில் நிற்கும்போது, கோயில் திருவிழாவில், கிளினிக் வரிசையில், வெட்கப்படாமல் கேளுங்கள்: “உங்கட பிள்ளை வாசிச்சு முடிச்ச கதைப் புத்தகம் இருக்கா? எங்கட வீட்டில ரெண்டு இருக்கு, மாத்துவமா?”